சாமி உத்தரவு கொடுத்த மாத்திரை

மில்லில் காலை ஷிப்ட் முடிந்து சைக்கிளை எடுக்கும்போது என் மனைவி செல்வி போன் செய்தாள். "கிரேஸ் டாக்டரம்மா போயிட்டாவ" என்று அழுதாள். எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை பேரைப் பிழைக்க வைத்தவருக்கு அப்படி என்ன அவசரம்?

ராஜபாளையத்தில் அவரிடம் வைத்தியம் பார்த்த உங்களுக்குத் தெரியும், உள்ளே போனதும் "கையை நீட்டுங்க பாப்போம்" என்பார். நான் முதலில் நீட்டியபோது விரல்கள் வெடவெடவென்று ஆடின. காதுக்குள் ஒரு குரல் என்னைத் திட்டிக்கொண்டே இருக்கும். அதை அடக்கத்தான் குடித்தேன். குடிக்கக் குடிக்க அது கூடியது. ஸ்ரீவில்லிபுத்தூர் வரை அலைந்தோம். ஓரிடத்தில் குடியை விட்டுவிட்டு வா என்றார்கள். குடியை நிறுத்தும் இடத்தில், குரல் கேட்பவனைச் சேர்க்க மாட்டோம் என்றார்கள். இதைக் கேட்டு டாக்டரம்மா சிரித்தார். "ரெண்டும் ஒரே ஆளுக்குத்தான வந்திருக்கு? ஆளைப் பிச்சா அனுப்ப முடியும்?" இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் தொடங்கினார்.

குரல் அடங்கிய தெம்பில், தளவாய்புரம் பக்கத்தில் ஒரு கோயிலில் கையில் மஞ்சள் கயிறு கட்டினேன். இனி எந்தப் போதையும் தொடமாட்டேன் என்று சத்தியம். எங்கள் பக்கம் கயிறு கட்டியவன் சாராயக் கடை இருக்கும் தெருவில்கூட நடக்கமாட்டான். நான் ஒருபடி மேலே போனேன். தூக்கம் வருகிறதே, இதுவும் போதைதானே என்று டாக்டரம்மா கொடுத்த மாத்திரையையும் நிறுத்தினேன். குடி வரவில்லை, குரல் வந்துவிட்டது. கிணற்றடிக்குக் கூப்பிட்டது. செல்வி என்னைத் தரதரவென்று டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனாள்.

வேறொருவர் கயிற்றை அறுக்கச் சொல்லியிருப்பார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் அந்த அம்மா, எங்களோடு கோயிலுக்கு வந்தார். "சாமிகிட்ட கேட்டுச் சொல்லுங்கய்யா, போதை வேற, மருந்து வேறதான?" என்றார். பூசாரி மாத்திரை அட்டையை வாங்கிச் சாமி காலடியில் வைத்து, திருநீறு போட்டுக் கொடுத்தார்.

"உத்தரவு ஆயிட்டு. ஏலே, சாப்பிட்ட பொறவு முழுங்கணும். விட்டா சத்தியத்தை முறிச்ச மாதிரிதான்."

"என்னை ஏமாத்தலாம், சாமிய ஏமாத்த முடியாது பாத்துக்கோங்க" என்றார் டாக்டரம்மா. அதன்பின் அவரிடம் வரும் ஆட்கள் கயிறு கட்டப் போகும்போது மாத்திரை அட்டையையும் கொண்டுபோனார்கள்.

குரல் இப்போதும் எப்போதாவது எட்டிப் பார்க்கும். கவனிக்க ஆளில்லாமல் போய்விடும். பிள்ளைகள் என் பக்கத்தில் பயமில்லாமல் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

கல்லறைத் தோட்டத்துக்குப் பெட்டியைத் தூக்க நாங்கள்தான் முந்தினோம். தூக்கிய கைகளில் எல்லாம் மஞ்சள் கயிறு. மண் போடும் முன் அவருக்கு என் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினேன். ஒரு விரல்கூட ஆடவில்லை. அவர் எனக்கு விட்டுப்போனது இந்தக் கைகள்தான். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.