லட்சம் கிலோமீட்டர் தொட்ட வண்டியின் பசி

எங்கள் டீசல் பிக்கப் புதிதில் லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர்தான் ஓடியது. சாலைக் கடைவீதியில் இருக்கும் எங்கள் அரிசிக்கடைக்கு வந்தவர்கள் மீதெல்லாம் எரிந்து விழுந்தேன். "ஓடி எஞ்சின் இளகட்டும், அண்ணாச்சி" என்றார்கள். இளகியது. பன்னிரண்டு, பதிமூன்று என்று ஏறிப் பதினாலைத் தொட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வயது ஏற ஏறத் தீனி குறைகிற ஜீவன் எங்கள் வீட்டில் இது ஒன்றுதான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

லட்சம் கிலோமீட்டரை நெருங்கிய காலையில், அந்த எண் எங்கள் கடைவாசலில்தான் விழவேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. டேங்கை நிறைத்து, மனைவியையும் ஏற்றிக்கொண்டு ஆரியசாலைச் சந்துகளில் சுற்றினேன். மூட்டை இறக்கும் ஒவ்வொரு லாரிக்குப் பின்னாலும் உறுமிக்கொண்டே நின்றோம்.

"லட்சம் விழும்முன்ன ஆஃப் பண்ணப்பிடாது கேட்டேளா" என்றாள் மனைவி.

முதல் சுற்றில் கடைவாசல் வந்தும் லட்சம் வரவில்லை. இன்னொரு சுற்று. அது முடிகையில் சரியாக வாசலில் விழுந்தது. மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் கைதட்ட, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது.

அப்படியே டீசல் பங்க்குக்குப் போய் மறுபடி டேங்கை நிறைத்தோம். மனைவி போனில் கணக்குப் போட்டாள். லிட்டருக்கு ஆறு.

என் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"பொறந்தநாளும் அதுவுமா சாப்பாட்டை யாராவது அளப்பாளா?"