ஏழாவது கேள்விக்குப் பதில்

மூன்றாம் ஆண்டில் ஊடகப் படிப்புக்கு ஆய்வேடு ஒன்று கொடுக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் சினிமாவை எடுத்தார்கள், மீதிப் பேர் இன்ஸ்டாகிராமை. நான் எங்கள் ஊர் கேபிள் சேனலை எடுத்தேன். அதை யார் பார்க்கிறார்கள், எதை நம்புகிறார்கள், அது யாருடைய கையில் இருக்கிறது, அவருக்கு ஆகாத செய்தி என்ன ஆகிறது. பேராசிரியர் தலைப்பைப் பார்த்துவிட்டு, "தைரியந்தான்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அந்தத் தலைப்புக்குக் காரணம் அம்மா. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அம்மாவுக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் விட்டிருந்தால் ஸ்டிக்கர் ஒட்டித் தனியே போட வேண்டும். அந்த வருடம் தை மாதத்தில் ஒரு மத்தியானம், துணி ஸ்டோரில் தீப்பிடித்தது. செக்கிங் ஆட்கள் பக்கத்திலிருந்த பின் கேட்டுக்கு ஓடினார்கள். அது பூட்டியிருந்தது. சரக்கு திருட்டுப் போகிறது என்று எப்போதும் பூட்டியேதான் வைப்பார்கள். அம்மா உள்ளங்கை கன்றிப்போகும் வரை அந்த இரும்பைத் தட்டியிருக்கிறாள். யாரோ புகைக்குள் அவளை முன்பக்கமாக இழுத்துப் போனதால் வீடு வந்து சேர்ந்தாள்.

அன்று சாயங்காலம் கேபிள் சேனலைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். கம்பெனி முதலாளி முருகன் கோயிலில் நடத்திய அன்னதானம் அரை மணி நேரம் ஓடியது. தீயைப் பற்றி ஒரு வரி இல்லை. அம்மா இரண்டு கையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சேனல் யாருக்குச் சொந்தம் என்று கண்டுபிடிக்கப் பாடப்புத்தகத்தில் பங்கு, பதிவு, ஆவணம் என்று பல வழி சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகை போதும். முதலாளி மகள் கல்யாணத்துக்கு எல்லாத் தொழிலாளிக்கும் பத்திரிகை வந்தது. உறவுக்காரர்களின் பெயரை வரிசையாகப் போட்டு, பக்கத்திலேயே அவரவர் தொழிலையும் அச்சடித்திருந்தார்கள். பெண்ணுக்குத் தாய்மாமன் பெயருக்குப் பக்கத்தில் எங்கள் கேபிள் சேனல் இருந்தது. அந்தப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு புதையல் கிடைத்ததுபோல் குதித்தேன்.

பத்துக் கேள்விகள் தயார் செய்தேன். ஏழாவது கேள்வி இது: நீங்கள் கண்ணால் பார்த்த சம்பவம் ஏதாவது செய்தியில் வராமல் போனதுண்டா? மற்ற ஒன்பதும் இதற்குத் துணைக்கு வந்தவை. 'பெயர் எழுத வேண்டாம், பயமின்றி எழுதுங்கள்' என்று தாளின் தலையில் அச்சடித்து, நாற்பது படிவங்களை அம்மாவிடம் கொடுத்தேன். டீ நேரத்தில் கூட வேலை செய்பவர்களிடம் எழுதி வாங்கி வரச் சொன்னேன். அம்மா முறைப்படி சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்டாள். அவர், தானே கொடுத்து வாங்கித் தருவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனிக் கவரில் படிவங்கள் வந்தன. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் டிவி பார்ப்பீர்கள்? எட்டு மணி நேரம். அடுத்த தாளிலும் எட்டு மணி நேரம். அதற்கடுத்ததிலும் அதே. செய்தி தப்பாக இருந்தால் யாரிடம் சொல்வீர்கள்? புகார் பெட்டியில் போடுவோம். முதலில் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகுதான் விஷயம் உறைத்தது.

பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையரின் ஆட்கள், தொழிலாளர்களைச் சரியாக நடத்துகிறார்களா என்று கம்பெனியை ஆடிட் பண்ண வருவார்கள். அதற்கு முன்னால் தொழிலாளர்களுக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொடுப்பார்கள். எத்தனை மணி நேரம் வேலை என்று யார் கேட்டாலும் எட்டு. குறை இருந்தால் புகார் பெட்டி. ஏதாவது நடந்ததா என்றால் எதுவும் இல்லை. பெயர் எழுத வேண்டாம் என்று தலையில் போட்டு, சூப்பர்வைசர் கையால் வருகிற தாள் ஆடிட் தாளாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? டிவி பார்க்கும் நேரத்துக்கும் எட்டு என்று எழுதிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஏழாவது கேள்விக்கு எல்லாத் தாளிலும் ஒரே பதில்: எதுவும் இல்லை.

எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்பதுதான் இருந்தன.

"உன்றது எங்கம்மா?"

அம்மா தலையைத் தூக்கவில்லை. "அத ஹெச்.ஆர். சார் எடுத்து வெச்சுக்கிட்டாரு கண்ணு. நாளைக்கு உன்னையக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காரு."

"என்னம்மா எழுதுன?"

"மத்தவங்கெல்லாம் ஆடிட்டுன்னு நெனச்சு எழுதிப்போட்டாங்க. எனக்குத் தெரியுமில்ல, நீ கேக்கறேன்னு. நீ கேட்டா நான் எப்படிப் பொய் எழுதறது? கேட்டு பூட்டியிருந்துச்சு, கை வீங்கற மட்டும் தட்டுனேன்னு எழுதிப்போட்டேன்."

அப்பா போன பிறகு எங்கள் இருவருக்கும் அம்மாவின் வேலை ஒன்றுதான் கதி. இந்தக் காரணத்துக்காக அனுப்பினார்கள் என்றால் வேறு எந்தக் கம்பெனியிலும் சேர்க்க மாட்டார்கள். அவள் அடுத்த கம்பெனி வாசலில் போய் நிற்பதற்குள் செய்தி அங்கே போய்விடும். அந்த மாதிரிச் செய்திக்குச் சேனலும் வேண்டியதில்லை.

ஹெச்.ஆர். நல்ல மனிதர் போலத்தான் பேசினார். "வா கண்ணு, உக்காரு. நல்லாப் படிக்கிறியாமா, அம்மா சொல்லுவாங்க." மேசைமேல் அம்மாவின் தாள் இருந்தது. "அம்மா இங்க பத்து வருசமா இருக்காங்க. இது பையர் கையில சிக்குனா ஆர்டர் நிக்குமா? இத்தன பேரு பொழப்பு என்னாகறது? நீ படிச்ச புள்ள, நீயே சொல்லு."

சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. யாருக்குச் சொந்தமோ அவருக்கு வேண்டியதே செய்தி என்று முப்பது பக்கம் எழுதி வைத்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "தெரியாம எழுதிட்டாங்க சார். வேற தாள்ல மாத்தி எழுதித் தந்தர்றோங்க." அவர் அப்படிக் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன்.

அம்மாவை வரவழைத்தார்கள். அவள் உட்காராமல் நின்றபடியே பேனாவை வாங்கி, "என்ன கண்ணு எழுதறது?" என்று என்னிடம் கேட்டாள். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். எட்டு மணி நேரம். புகார் பெட்டி. ஏழாவது கேள்வி வந்தது. "எதுவும் இல்லைன்னு எழுதும்மா" என்றேன். அம்மா ஒரே ஒரு முறை என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதினாள். பழைய தாளை ஹெச்.ஆர். மடித்து டிராயரில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

பார்வையாளர்கள் உள்ளூர்ச் சேனலை முழுமையாக நம்புகிறார்கள் என்று ஆய்வேட்டை முடித்தேன். கல்யாணப் பத்திரிகை பற்றிய அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். பேராசிரியர், "கச்சிதமா வந்திருக்கு" என்று நல்ல மதிப்பெண் போட்டார்.

நான்கு மாதம் கழித்து உண்மையான ஆடிட் வந்தது. பின் கேட்டைத் திறந்து வைத்து, தரையில் பச்சை அம்புக்குறி போட்டிருந்தார்களாம். ஆடிட் செய்ய வந்த பெண்மணி தொழிலாளர்களில் சிலரைத் தானே பொறுக்கியெடுத்திருக்கிறார். அதில் என் அம்மாவும் ஒருத்தி. சூப்பர்வைசரை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தித் தனியாகப் பேசியிருக்கிறார்.

"கேட்டப் பத்தி விசாரிச்சாங்களாம்மா?"

"விசாரிச்சாங்க. தீ ஏதாச்சும் புடிச்சுதா, கேட்டு பூட்டியிருந்துச்சா, பயப்படாமச் சொல்லுங்க, உங்க பேரு வெளிய வராதுன்னாங்க. நல்ல அம்மா. தண்ணியெல்லாம் குடுத்தாங்க."

"நீ என்ன சொன்ன?"

"எதுவும் இல்லீங்கன்னேன்" என்றாள் அம்மா. "நீ சொல்லிக் குடுத்தாப்பலயே சொல்லிப்போட்டேன் கண்ணு. ஒண்ணும் பயப்படாத."

ஆடிட்காரர்களின் கார் கிளம்பியதும் கேட்டைப் பூட்டிவிட்டார்களாம். அம்மா இன்றும் அதன் பக்கத்து மேசையில்தான் செக்கிங் பார்க்கிறாள். தினமும் அவள் வீடு திரும்பும் வரை எனக்கு எதுவும் ஓடுவதில்லை. எட்டு மணி நேரம் இல்லை, பன்னிரண்டு மணி நேரம்.