வெளுத்த நட்சத்திரங்கள்

என் மனைவி முப்பது வருடமாகக் கொழுந்து பறிக்கும் மலைக்கு மேலேதான் பழைய துரை பங்களா இருக்கிறது. இப்போது அது ஹோட்டல். இத்தனை வருடத்தில் அவள் அதன் முன்படியில் கால் வைத்ததில்லை. தோட்டத்து லய வீடுகளில் இருக்கும் எங்கள் ஆட்களுக்குக் குசினிப் பக்கத்து வாசல்தான், சமையல்கட்டு வழி.

போன டிசம்பரில், நத்தார் பண்டிகைக்கு, அந்த முன்வாசலை அவளுக்கு நானே திறந்துவிடப் போவதாகக் கிளம்பினேன். த்ரீவீல் ஓட்டுகிறவனுக்கு வேறு என்ன வேலை? ஹோட்டலைப் பார்த்துக்கொள்ளும் கொழும்பு மெடத்தை றக்வானை டவுனுக்கு ஏற்றிப்போனபோது, "பரண ரெதி தியெனவத?" என்று கேட்டார். பழைய துணி வேண்டுமாம். நட்சத்திரமும் மணியும் தைத்து ஹோலில் தொங்கவிட. பழைய துணிக்கு எங்கள் வீட்டில் பஞ்சமா? நான் போட்டிருந்த சட்டையையே காட்டினேன். என் மனைவியைப்போலத் தைக்க ஆளில்லை என்று சிங்களத்தில் அளந்தும் விட்டேன். அப்படியானால் அவரே வந்து கட்டட்டும் என்றார் மெடம்.

"முன்வாசல் வழியாவா?" என்று கேட்டாள் மனைவி.

"பின்ன, கூரையப் பிரிச்சா எறக்குவாங்க?"

பெட்டியிலிருந்த துணியெல்லாம் வெளியே வந்தது. சாயம்போன வாயில் சேலைகள், பூ வெளிறிய சீத்தைத் துணி, தலையில் கட்டிக்கொண்டு கொழுந்து பறித்த துணிகள். கூடைக் கயிறு உரசிய இடமெல்லாம் தேயிலைக் கறை. இன்னொருத்தர் பண்டிகைக்கு அழுக்குத் துணியைக் கொடுப்பதா? இரண்டு நாள் பீலியடியில் தண்ணீர் விழ விழ எலுமிச்சங்காய் போட்டுத் தேய்த்தாள். நீலம் போட்டாள், கஞ்சி போட்டாள். நானும் தேய்த்தேன், என் விரல் வெளுத்தது. பிறகுதான் வெட்டித் தைத்தாள்.

கோயிலுக்குக் கட்டும் சேலையில் வந்து, முன்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். மெடம் ஒரு நட்சத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அய்யோ, மேவா அலுத் நே."

இதெல்லாம் புதுசாச்சே என்கிறார். கறை எங்கே? அந்தக் கறைக்காகத்தான் பழைய துணி கேட்டாராம்.

"பழசுதான் மெடம். தொவச்ச பழசு," என்றேன்.

வராந்தா ஓரத்தில் ஒரு வாளி இருந்தது. கடையில் வாங்கிய புது வெள்ளைத் துணி தேயிலைச் சாயத்தில் ஊறிக்கொண்டிருந்தது, பழசாகத் தெரிவதற்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கறையைத்தானே இவள் முப்பது வருடமாகத் துணியிலிருந்தும் நகத்திலிருந்தும் சுரண்டிக்கொண்டிருக்கிறாள்? இவள் தலையில் இருந்தவரை அதற்குப் பெயர் அழுக்கு. வாளிக்குள் போனதும் அழகாகிவிட்டதா?

வீணாக்க வேண்டாம், குசினிப் பக்கம் தொங்கவிடலாம் என்று மெடம் இரக்கப்பட்டார். அதை நான் தமிழில் சொல்லத் தேவை இருக்கவில்லை. மனைவி ஒவ்வொரு நட்சத்திரமாக எடுத்துப் பைக்குள் அடுக்கினாள். இரண்டு பாஷையிலும் கேட்பதற்கு எனக்குள் ஆயிரம் இருந்தது. வாயில் வந்தது "ஹரி மெடம்" மட்டும், சரி மெடம் என்று. நாளைக்கும் அவர் ஹயருக்குக் கூப்பிட வேண்டுமே.

வீட்டுக்கு வந்த கையோடு அவள் எங்கள் வாசலில் கயிறு கட்டி அத்தனையையும் தொங்கவிட்டாள். லயமே வெள்ளைவெளேரென்று ஆடியது.

பக்கத்து வீட்டுக் காம்பராக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னாடி, நத்தார் நட்சத்திரமெல்லாம் கட்டிருக்க, வேதத்துல சேந்துட்டியா?"

"இல்லக்கா," என்றாள் மனைவி. "தொவச்சது காயுது."