மணிக்கட்டைப் பிடித்தால் என்ன செய்வது?

1. விடாத கை

திங்கட்கிழமை காலை மரியதாஸ் அங்கிள் நர்ஸ் ரேகாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பி.பி. பார்க்கப் போன ரேகா, "விடுங்க அங்கிள், கை போச்சு!" என்று இழுத்தார். அங்கிள் இன்னும் இறுக்கினார். நானும் அட்டெண்டர் ரவியும் ஓடிப்போய் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தோம். மதியத்துக்குள் ரேகாவின் கை வீங்கிவிட்டது. அவருக்கு முன்பே இன்னும் இரண்டு பேர் அந்தப் பிடியில் மாட்டியிருந்தார்கள்.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒரு சிறிய ரீஹேப் சென்டரில் நான் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதமோ தலைக்காயமோ வந்தவர்கள், பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் முன் எங்களிடம் தங்கி மறுபடி நடக்கப் பழகுவார்கள். மரியதாஸ் அங்கிள் ஆட்டோக்களுக்கு சீட் கவர் தைத்தவர். ஸ்ட்ரோக்கில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய், "இரு, இரு" என்பது மட்டும் மிஞ்சியது. ஆனால் ஆயுள் முழுக்க ரெக்ஸினை இழுத்துப் பிடித்து ஆணி அடித்த வலது கை அப்படியே இருந்தது.

சென்டரை நடத்தும் டாக்டரம்மா கன்னடக்காரர். எங்களோடு தமிழில்தான் பேசுவார், நடுநடுவே கன்னடம் வந்து விழும். அன்று மாலை அங்கிளின் மனைவி பிலோமினா ஆன்ட்டியை உட்காரவைத்துச் சொல்லிவிட்டார்.

"ஸ்டாஃப் எல்லாம் பயப்படறாங்கம்மா. வெள்ளிக்கிழமை ரிவ்யூ வெச்சிருக்கேன். அதுக்குள்ள யாரையும் புண்ணாக்காம அவரு எழுந்து நடக்கணும். இல்லன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க, பேரே... வேற வழி இல்ல."

"எங்க வீடு ஜீவனஹள்ளில மொத மாடி டாக்டர். ஏணி மாதிரி படி. நான் காலைல ஸ்கூலுக்கு ஆயா வேலைக்குப் போயிடுவேன். கட்டில்லயே போட்டுட்டுத்தான் போகணும். அப்புறம் அந்த மனுசன் எந்திரிக்கவே மாட்டாரு."

டாக்டரம்மா கல்நெஞ்சக்காரர் அல்ல. அவருக்குப் பத்து ஸ்டாஃபையும் பார்க்க வேண்டியிருந்தது.

"அந்தக் கைய மட்டும் துணியால கட்டிட்டா?" என்றான் ரவி வெளியே வந்ததும்.

"இருக்கறதே ஒரு கை ரவி. அதையும் கட்டிட்டு எதைப் பிடிச்சு எழுந்திருக்கச் சொல்றது?"

2. தெருவுக்கு உதவாத கலை

கல்லூரிக் காலத்திலிருந்து ஐகிடோ பழகுகிறேன். ஜப்பானியத் தற்காப்புக் கலை. குத்து, உதை அதிகம் கிடையாது. எதிராளி தரும் விசையோடு சேர்ந்து திரும்பி, அவரை நிலைகுலையச் செய்வதுதான் வேலை. ஜோடி ஜோடியாகப் பழகுவோம். முதல் பாடமே ஒருவர் வந்து மணிக்கட்டைப் பிடிப்பதுதான்.

இதை வைத்து என்னைக் கிண்டல் செய்யாதவர்கள் இல்லை. "ரோட்ல எவன் அக்கா மணிக்கட்டைப் புடிச்சுக்கிட்டு நிப்பான்? செயினை அத்துக்கிட்டு பைக்ல போயிட்டே இருப்பான்" என்பான் ரவி. அவன் சொல்வதில் தப்பில்லை. ஐகிடோ தெருச் சண்டைக்கு உதவுமா என்று யாராவது கேட்டால், "தெரியாது, நான் சண்டை போட்டதில்லை" என்றுதான் இன்றும் சொல்கிறேன்.

ஆனால் அன்று மாலை பஸ்ஸில் நின்றபடி யோசித்தபோது ஒன்று உறைத்தது. எங்கள் வார்டில் தினமும் யாராவது மணிக்கட்டைப் பிடிக்கிறார்கள். பிடித்தவரை அடிக்க முடியாது, முறுக்க முடியாது, கீழே விழவும் விடக்கூடாது. இத்தனை நிபந்தனைகளோடு ஒருவர் பிடியைச் சமாளிக்க வேண்டிய வேலை பெங்களூரில் வேறு எத்தனை பேருக்கு இருக்கும்? டோஜோவை, அதாவது பயிற்சிக்கூடத்தை, ஒரு டப்பாவிலும் வேலையை வேறு டப்பாவிலும் போட்டு மூடி வைத்திருந்ததால் எனக்கு இது தோன்றவே இல்லை.

செவ்வாய்க்கிழமை அங்கிளைக் கவனித்து, பார்த்ததை மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். படுத்திருக்கும்போது அவர் யாரையும் பிடிப்பதில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் பிடிக்கிறார். எதிரிலிருந்து சட்டென்று குனிகிறவர்களைத்தான் பிடிக்கிறார். பிடித்ததும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, தரையைப் பார்க்கிறார்.

கடைசி விஷயம்தான் முக்கியம். கோபம் வந்தவர் நம் முகத்தைத்தான் பார்ப்பார். தரையைப் பார்க்கிறவர் விழப்போவதாக நினைக்கிறவர். பாதி உடம்பு இருக்கும் இடமே தெரியாமல் உட்கார்ந்திருந்த மனிதர் கைக்குக் கிடைத்ததைப் பற்றிக்கொண்டார். நாங்கள் இழுத்தோம். இழுக்க இழுக்க விழுவது போலவே இருந்திருக்கும்.

3. நல்லவர்கள் நிறைந்த டோஜோ

அன்று மாலையே டோஜோவுக்குப் போனேன். காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் பாய் விரித்துப் பழகுகிறோம். கிரண் என்ற பேங்க்காரரிடம் விஷயத்தைச் சொல்லி, பெஞ்ச் ஓரத்தில் உட்காரவைத்து, மரியதாஸ் அங்கிளாக நடிக்கச் சொன்னேன். அவர் வலது கையால் என் இடது மணிக்கட்டைப் பிடித்தார். நான் இழுக்காமல் ஓர் எட்டு முன்னால் வைத்து, அவருடைய வலது பக்கமாகத் திரும்பி, அவர் பார்க்கும் திசையையே பார்த்து நின்றேன். 'டென்கான்' என்ற இந்தத் திருப்பத்தை நாங்கள் ஆயிரம் தடவையாவது செய்திருப்போம். கிரண் அழகாக எழுந்து, கூடவே வந்து, யாரும் கேட்காமலே பாயில் உருண்டு விழுந்தார்.

"கிரண், நீங்க பேஷன்ட். என்கூட வரக்கூடாது."

"சாரி, சாரி. இன்னொரு வாட்டி."

மறுபடியும் எழுந்து வந்து உருண்டார். "என்ன பண்றதும்மா, பழக்கதோஷம்" என்றார். மற்றவர்களும் அப்படியே. வருடக்கணக்கில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து விழுந்து பழகியவர்கள். கையை நீட்டுவதற்குள் பாதிப் பேர் பாயில் கிடந்தார்கள். இந்த மரியாதையை நம்பி நோயாளியிடம் போயிருந்தால் என் கையும் வீங்கியிருக்கும்.

மறுநாள் டீ நேரத்தில் கிரண் உருண்ட கதையைச் சொல்லி ரவியை உட்காரவைத்தேன். அவன் பிடித்தான். நான் திரும்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. லைட் கம்பம் மாதிரி இருந்தான்.

"ஆய்த்தா அக்கா?"

"ஆகல. நீ ஏன் வரல?"

"நீங்க போறீங்க. நான் எதுக்கு வரணும்? டீ ஆறுது."

டோஜோவில் எனக்குக் கிடைக்காத பதில் இது. ரவியின் கையில் பத்துப் பதினைந்து தடவை தோற்றபிறகு என் அவசரம் பிடிபட்டது. நான் எனக்காகத் திரும்பிக்கொண்டிருந்தேன். பிடித்த கையின் எடை என் கைமேல் வந்து சாயும்வரை காத்திருக்கவில்லை. அடுத்த முறை உள்ளங்கையை மேலே திருப்பி, தட்டு ஏந்துவதுபோல் அவன் கைக்கு அடியில் கொடுத்துவிட்டு, மூச்சு விட்டுக் காத்திருந்தேன். அவன் எடை வந்ததும் மெதுவாகத் திரும்பினேன். ரவி எழுந்துவிட்டான்.

"அக்கா! நான் எந்திரிக்கலை. தானா எந்திரிச்சுட்டேன்!"

டீ ஆறித்தான் போயிருந்தது.

4. இரு, இரு

அன்று மாலையே அங்கிளிடம் போனோம். ரவி அவர் இடுப்பில், நடக்கும்போது பிடித்துத் தாங்குவதற்கான கெய்ட் பெல்ட்டைக் கட்டி, விழுந்த இடது பக்கத்தில் நின்று பெல்ட்டைப் பிடித்துக்கொண்டான். நான் வலது பக்கம் சாய்வாகப் போய், கையை நானே நீட்டினேன். அங்கிள் பிடித்தார். வலித்தது. இழுக்கவில்லை.

"இரு, இரு" என்றார்.

"இருக்கேன் அங்கிள். எங்கேயும் போகல."

எடை வந்தது. திரும்பினேன். அவர் பார்க்கும் திசையையே நானும் பார்த்தேன். எழுந்து நின்றார். ஆனால் நான் அடுத்த எட்டை டோஜோ வேகத்தில் வைத்துவிட்டேன். இடது முழங்கால் மடங்கியது. ரவி பெல்ட்டைத் தூக்கிப் பிடித்து அவரைக் கட்டிலில் உட்காரவைத்தான்.

"அக்கா, அவரு கிரண் சார் இல்ல" என்றான்.

இரண்டாம் முறை அவர் நகரும்வரை நான் நகரவில்லை. ஜன்னல் வரை போய்த் திரும்பினோம். வழியில் எப்போது என்று தெரியவில்லை, என் மணிக்கட்டின் மேலிருந்த இறுக்கம் தளர்ந்திருந்தது. வியாழக்கிழமை ரேகாவுக்கும் சொல்லிக்கொடுத்தேன். முதலில் ரவியிடம் தோற்க வைத்தேன், பிறகுதான் அங்கிளிடம் விட்டேன்.

5. ரிவ்யூ

வெள்ளிக்கிழமை எல்லாம் திட்டப்படி நடந்திருக்க வேண்டும். டாக்டரம்மா அவசரமாக உள்ளே வந்து, நாங்கள் தயாராகும் முன்பே, "ஏன் மரியதாஸ், சென்னாகிதீரா?" என்று கன்னடத்தில் நலம் விசாரித்தபடி எதிரில் நின்று நன்றாகக் குனிந்துவிட்டார். அங்கிளின் வலது கை பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

வாசலில் நின்ற பிலோமினா ஆன்ட்டி, "ஏசுவே" என்றார்.

"டாக்டர், இழுக்காதீங்க. கைய அவருக்குக் குடுத்துடுங்க" என்றேன்.

"குடுத்தாச்சேம்மா! அவருதான் வெச்சிருக்காரே!"

"அடியில தாங்கிக்கங்க. அவர் சாயற வரைக்கும் இருங்க. இப்ப அவர் பக்கத்துல வந்து, அவர் பார்க்கற பக்கமே பாருங்க."

டாக்டரம்மாவின் திருப்பம் எந்தத் தேர்விலும் தேறாது. துப்பட்டா வேறு கட்டிலில் மாட்டிக்கொண்டது. ஆனால் இழுக்கவில்லை. ரவி அதற்குள் பெல்ட்டைப் போட்டுவிட்டான். அங்கிள் எழுந்தார். டாக்டரம்மா, அங்கிள், ரவி மூவரும் வாசலை நோக்கி மெல்ல நடந்தார்கள்.

"நான் இவரை நடத்தறேனா, இவரு என்னை நடத்தறாரா?" என்றார் டாக்டரம்மா. வாசலுக்கு வந்ததும் தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவந்திருந்தது, வீங்கவில்லை. "சரி, இவரு இங்கயே இருக்கட்டும். ஆனா திங்கக்கிழமைலேந்து எல்லா ஸ்டாஃபுக்கும் இதைச் சொல்லிக்குடு. ரவிய வெச்சே."

எல்லோரிடமும் இது பலிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தலைக்காயத்தோடு வந்த ஒருவர் கையைப் பிடிக்காமல் நேராக அறைய வந்தார். அங்கே ஐகிடோ எனக்குத் தந்தது, எட்டாத தூரத்தில் நிற்கும் பழக்கம் மட்டுமே. அதுவும் போதுமானதாக இருந்தது.

இப்போது புதிதாகச் சேரும் பிசியோ பெண்களிடம் நான் சொல்வது இதுதான். நோயாளி கையைப் பிடித்தால், எப்படி விடுவித்துக்கொள்வது என்று யோசிக்கும் முன், அவர் கண் எங்கே பார்க்கிறது என்று பாருங்கள். தரையைப் பார்த்தால் அவருக்கு உங்கள் கை தேவைப்படுகிறது. பக்கத்தில் போய் நில்லுங்கள்.

மரியதாஸ் அங்கிள் படியேறப் பழகிய பிறகுதான் வீட்டுக்குப் போனார். ஆட்டோ வரை அவர்களைக் கொண்டுவிடப் போனேன். ஆன்ட்டி வலது பக்கம் நடந்தார். அங்கிள் அவர் கையைப் பிடித்திருந்தார்.

"வலிக்குதா ஆன்ட்டி?"

"வலியெல்லாம் இல்லம்மா. கல்யாணமாகி இத்தினி வருசத்துல ரோட்ல என் கையப் புடிச்சு நடந்ததே கெடையாது இந்த மனுசன். முன்னால பத்தடி தூரம் போயிட்டே இருப்பாரு. இப்ப பாரு, விடமாட்டேங்கறாரு" என்றவர், குரலைத் தாழ்த்தி, "இதை மட்டும் சரிபண்ணிடாத" என்றார்.