இல்லாத குதிரைக்கு ஒரு நிறம்

போன வருஷம் தீபாவளிக்குச் சில நாள் முன்னால் நடந்தது. முறுக்கு மாவும் நல்லெண்ணெயும் வாங்க டில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். காலை வேளை, அதிகக் கூட்டமில்லை. வழக்கமாக வாங்கும் கடையில் சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது என் ஃபோன் அடித்தது. அந்த அழைப்பைப் பற்றி இன்றைக்கும் எனக்கு நிதானமாகச் சொல்ல வரவில்லை. அதனால் முதலில் எங்கள் வீட்டுத் துணுக்குப் பைத்தியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் டில்லியிலேயே வளர்ந்தவள். அப்பா மத்திய சர்க்கார் குமாஸ்தா. புசா ரோட்டில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். கோடை லீவில் ஊருக்குப் போய்த் திரும்பும்போது ரயிலில் என் மடி நிறையத் தமிழ் காமிக்ஸ் இருக்கும். இங்கே வந்தால் ஞாயிற்றுக்கிழமை டி.வி. தொடர்கள். கதையைவிட அவற்றில் இருக்கும் ஓட்டைகள்தான் எனக்குப் பிடிக்கும். வெளிநாட்டுப் படக்கதையை அச்சடிக்கும்போது சில பக்கங்களில் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். வலக்கைத் துப்பறிவாளர் திடீரென்று இடக்கையால் சுடுவார், சட்டைப்பை மறுபக்கம் போய்விடும். ஒரு ராஜா கதைத் தொடரில் மந்திரியின் மணிக்கட்டில் வாட்ச் கட்டிய தடம் தெரியும். "இதில் ஒண்ணாலயாவது கால் காசுக்குப் பிரயோஜனம் உண்டா?" என்பார் என் கணவர்.

எங்கள் ஒரே மகளுக்கு இது அப்படியே ஒட்டிக்கொண்டது. தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனால் பழைய தொடர், பழைய படக்கதை என்றால் கண் விரியும். ஞாயிறு டிபன் சாப்பிடும்போது ஹிந்தியும் தமிழுமாகக் கலந்து இவற்றைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொள்வோம். ஏழாம் வகுப்புப் படிக்கும்போது மேஜைக்கடியில் ஃபோனை வைத்துக்கொண்டு தேடிப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். இப்படித் துணுக்குகள் தொகுக்கிறவர்கள், காப்பியடிப்பவர்களைப் பிடிக்க ஒரு பொய்த் தகவலை நடுவில் செருகி வைப்பதுண்டு என்று எங்கோ படித்திருந்தேன். நானும் ஒரு பொய்யைத் தயார் செய்தேன். "ஈட்டிமலை ராஜன் ஏறி வர்ற குதிரை என்ன நிறம், சொல்லு?" அப்படி ஒரு வீரனே கிடையாது. சாயங்காலம் வரை தேடிவிட்டு வந்து, "சாம்பல்மா. கன்ஃபர்ம்," என்றாள். நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காபி புடவையில் கொட்டியது.

அன்றிலிருந்து அவள் எதற்குப் பயந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்பேன். பல் டாக்டர் நாற்காலியில், நடுவழியில் நின்ற லிஃப்டில், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை ஹால் வாசலில். "ஃபேக்கும்மா! அந்த ஆளே ஃபேக்கு!" என்று சிரிப்பாள். பயம் பாதி இறங்கிவிடும்.

இனி அந்த அழைப்பு. தெரியாத நம்பர். அழைத்தவன் படத்தில் போலீஸ் தொப்பி. ஹிந்தியில் பேசிய ஆள் என் மகளின் பெயரையும் கல்லூரியையும் சரியாகச் சொன்னான். போதைப் பொருள் வைத்திருந்த கும்பலோடு அவளைப் பிடித்திருக்கிறார்களாம். ஃபோனை வைக்கக் கூடாது, பக்கத்தில் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது, உடனே பணம் அனுப்பினால் கேஸிலிருந்து பெயரை எடுத்துவிடலாம், இல்லாவிட்டால் அவள் வாழ்க்கையே போச்சு என்றான். "நம்பிக்கை இல்லையா? நீங்களே பேசுங்க மேடம்."

"மம்மி, முஜே பசா லோ, மம்மி!"

காப்பாற்று என்று அழும் குரல், என் மகளின் குரல். சந்தேகமே இல்லை. சென்னையில் இருக்கும் ஒரு தாயாக இருந்தால், என் பெண் ஏன் ஹிந்தியில் அழுகிறாள் என்று யோசித்திருப்பாள். எங்கள் வீட்டில் அப்படி யோசிக்க வழியில்லை. வீட்டுக்குள் நான் அம்மா, நாலு பேர் எதிரில் மம்மி. வெளியே எனக்குமே அவளோடு ஹிந்திதான் வரும்.

"அம்மா இருக்கேண்டா..." என்று ஆரம்பித்தேன். "மதராஸி பேச்செல்லாம் வேண்டாம், ஹிந்தியில் பேசு!" என்று அந்த ஆள் அதட்டினான். அழுகை இன்னும் ஏறியது. என் கை பணம் அனுப்பும் ஆப்பைத் திறந்துவிட்டிருந்தது. சோதித்துப் பார்க்கும் புத்தியெல்லாம் எனக்கு அப்போது இல்லை. என் குழந்தை பயந்து அழுகிறாள், அவ்வளவுதான். பயந்த குழந்தையிடம் வழக்கமாக எதைக் கேட்பேனோ அதையே ஹிந்தியில் கேட்டேன். "கண்ணா, ஈட்டிமலை ராஜனோட குதிரை என்ன நிறம்?"

அழுகை நின்றது. 

"காலா... காலா, மம்மி."

கறுப்பாம்.

ஐயோ, பயத்தில் எல்லாமே மறந்துவிட்டதே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அப்புறம்தான் மெதுவாக உறைத்தது. என் மகளுக்குத் தன் பெயர் மறந்தாலும் அந்தக் குதிரைக்கு ஒரு நிறம் சொல்ல வாய் வராது. இது வேறு யாரோ. ஆனால் அது தெரிந்த பிறகும் என்னால் அழைப்பைத் துண்டிக்க முடியவில்லை. அந்தக் குரல் மறுபடி "மம்மி" என்று அழும்போது எப்படி வைப்பது?

மாவுப் பொட்டலத்தை நீட்டிய கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். பாலக்காட்டுக்காரர். "என்னாச்சு மாமி? யார் அது?" என் கையிலிருந்து ஃபோனை வாங்கிக் காதில் வைத்தார், ஒரு நிமிஷம் கேட்டார். "வைடா ராஸ்கல்!" என்று கத்திவிட்டுத் துண்டித்தார். என்னை அரிசி மூட்டைமேல் உட்கார வைத்து, "முதல்ல பொண்ணைக் கூப்பிடுங்கோ," என்றார்.

அவள் ஃபோன் எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்தும் எடுக்கவில்லை. கடைப் பையனிடம் சாமானை ஒப்படைத்துவிட்டு, அந்த நல்ல மனிதரே அவள் கல்லூரிக்கு ஒரு ஆட்டோவை நிறுத்தி, டிரைவரிடம் "ஜல்தி பையா, ஜல்தி" என்று சொல்லி அனுப்பினார். அவள் பிராக்டிகல் வகுப்பில் இருந்திருக்கிறாள், ஃபோன் வெளியே பையில். வெள்ளைக் கோட்டோடு கல்லூரி வாசலுக்கு வந்தவளைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்றேன். "மம்மி, எல்லாரும் பாக்கறாங்க," என்று ஹிந்தியில் சொல்லி நெளிந்தாள்.

காண்டீனில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கறுப்பு என்றதும் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கி, தமிழுக்கு மாறினாள்.

"குரல் என்னோடது மாதிரியே இருந்துதா?"

"அப்படியே உன்னோடதுதான்."

"நான் அழுதா அப்படித்தான் இருக்குமாம்மா?"

அவள் கோட்டுக் காலரை இழுத்துச் சரி செய்தேன். அந்தக் குரலை எப்படிச் செய்தார்கள் என்று என்னென்னவோ சொல்கிறார்கள். இயந்திரமாம், ரெக்கார்டிங்காம். யாரோ ஒரு பெண்ணை அழவைத்ததாகக்கூட இருக்கலாம். எதுவானாலும் என்னால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. காரணம், என் மகள் அழுது நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அழவே இல்லை என்று அர்த்தமில்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்றைக்குப் பாத்ரூமில் வெகுநேரம் குழாய் திறந்திருந்தது. அந்தத் தீபாவளிக்குச் சில மாசம் முன்னால் ஒரு சிநேகிதியோடு ஏதோ ஆகி இரண்டு நாள் சாப்பிடவில்லை. அறையைவிட்டு வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது, தலைவலி என்றாள். நானும் மாத்திரை எடுத்துக் கொடுத்தேன்.

அவள் எதற்குச் சிரிப்பாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், அன்று எங்களைக் காப்பாற்றியதும் அதுதான். ஆனால் இப்போதெல்லாம் அவள் அறைக் கதவு சாத்தியிருந்தால் என்னால் பேசாமல் கடந்து போக முடிவதில்லை, தட்டிவிட்டு, அவள் திறக்கும்வரை நிற்கிறேன்.