அண்ணன் மாட்டிய சக்கரம்

எங்கள் அண்ணனுக்கு எதையும் நேராக மாட்டத் தெரியாது. பாட்டில் மூடியைக்கூடக் கோணலாகத்தான் திருகுவான். அவனைக் கட்டிக்கொண்ட அண்ணியோ சைக்கிள் கம்பெனியில் ஹப் வடிவமைக்கிறவர். ஹப் என்றால் சக்கரத்தின் நடுவில் அச்சைப் பிடித்திருக்கும் உருளை. ஜோடிப் பொருத்தம் அப்படி!

அண்ணி புது ஹப் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். அதில் ஒரு பாதி சைக்கிளோடு தங்கிவிடும். சக்கரத்தை மட்டும் ஒரே திருகில் கழற்றி மாற்றலாம். மேம்பாலம் ஏற மோட்டார் சக்கரம், கடைக்குப் போகச் சாதா சக்கரம். முதலாளி நிபந்தனை போட்டார்.

"ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத ஒருத்தர் என் கண்ணு முன்னாடி ஒரே தடவையில மாட்டணும். இல்லன்னா இந்த வேலையை இத்தோட மூடிடலாம்."

அண்ணி ஆள் தேடி அலையவில்லை. எட்டு மாதம், தினமும் சாயங்காலம் ஹாலில் சைக்கிளை நிறுத்துவார். ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்காமல் அண்ணன் கையில் சக்கரத்தைக் கொடுப்பார். அவனும் வஞ்சனையில்லாமல் தப்பு செய்தான். சக்கரத்தைத் திருப்பிப் போட்டான். அப்படிப் போட முடியாதபடி அண்ணி ஒரு பல்லை அகலமாக்கினார். பாதி திருகிவிட்டு "முடிஞ்சுது" என்றான். முழுசாகத் திருகினால்தான் 'டக்' என்று சத்தம் வரும்படி மாற்றினார். காலில் போட்டுக்கொண்டான். கைப்பிடி வந்தது.

சாதாரணமாக நாற்காலியில் ஈரத்துண்டைப் போட்டாலே அண்ணி வீட்டை இரண்டாக்கிவிடுவார். இப்போதோ, "அருமைங்க, இன்னொரு தடவை!" அண்ணன் புது மாப்பிள்ளை மாதிரி திரிந்தான். தங்கச்சி எனக்கே பொறாமையாக இருந்தது.

அந்த நாளும் வந்தது. கம்பெனிக் கூடத்தில் அண்ணிக்குப் பக்கத்தில் நானும் நின்றிருந்தேன். அண்ணன் சக்கரத்தைத் தூக்கினான், வைத்தான், திருகினான். டக். ஏழே வினாடி.

முதலாளி அசந்துபோனார். "இத்தனை தப்பு வரும்னு எப்படிம்மா யோசிச்ச?"

"நான் எங்க சார் யோசிச்சேன்? எல்லாத்தையும் இவரு வீட்டுல செஞ்சு காட்டினாரு."

கூடமே சிரித்தது. அண்ணன் முகம் மட்டும் சுண்டிப்போனது.

"அப்ப நீ திட்டாம இருந்தது இதுக்குத்தானா? என் மேல பிரியம்னு நெனச்சுட்டேனே."

எனக்குப் பாவமாக இருந்தது. அண்ணிக்கும் தாங்கவில்லை. இருக்கும் இடத்தை மறந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஹப் அஞ்சாவது மாசமே சரியாயிடுச்சுங்க. அதுக்கப்புறமும் தினமும் எதுக்கு சைக்கிளை ஹாலுக்குக் கொண்டுவந்தேன்னு நினைக்கிறீங்க?"

அண்ணனுக்கு வாயெல்லாம் பல்.

முதலாளிதான் மெதுவாகக் கேட்டார்: "அப்ப என்கிட்ட எதுக்கும்மா இன்னும் மூணு மாசம் டைம் கேட்ட?"