பைய வாரேன் சார்

அன்றைக்குக் கம்பெனியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது என் கடைசி மகள் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் வந்தால் எழுந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு தருவது அவள் வழக்கம். அன்று எழவில்லை. பள்ளிக்கூடத்துச் சுடிதாரைக்கூட மாற்றவில்லை. பேண்டில் இரண்டு முட்டியிலும் செம்மண் அப்பியிருந்தது. எங்கேயாவது விழுந்துவிட்டாயா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையை ஆட்டினாள். துணியைச் சுருட்டிப் பார்த்தேன். சல்லிக்கல் பதிந்த தடம் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தது. ஒரு குழியில் கல் ஒன்று அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் அதைப் பெயர்த்தேன். அவள் ஒரு சத்தமும் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நாங்கள் சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள். மழை பொய்த்து, கிணறும் கைவிட்ட பிறகு திருப்பூருக்கு வந்தோம். மூத்த பிள்ளைகளை நினைத்த மாதிரி படிக்கவைக்க முடியவில்லை. நானும் ஐந்தாவதோடு நின்றவள்தான். பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுவது என் வேலை; பிசிறு வெட்டுவது என்பார்கள். அதற்குப் படிப்பு வேண்டாம், கண் இருந்தால் போதும். கடைசிக்காரியாவது பத்தாவது தாண்ட வேண்டும், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றுக்குப் போக வேண்டும் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே ஆசை. அவள் அப்போது ஒன்பதாவது. கணக்கு நன்றாக வரும். அதனால் கணக்கு வாத்தியாருக்கும் அவளைப் பிடிக்கும்.

அந்த வாத்தியாரைப் பற்றி யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. இந்த ஊர்க்காரர். வயது ஐம்பதுக்குக் கிட்டே. வெள்ளைச் சட்டையை ஒருநாளும் கசங்க விடமாட்டார். பரீட்சை நெருங்கினால் பிள்ளைகளைச் சாயங்காலம் நிறுத்தி வைத்துச் சும்மாவே சொல்லிக்கொடுப்பார். 'டா' 'டீ' என்ற பேச்சே அவர் வாயில் வராது. கண்ணு, சாமி என்றுதான் கூப்பிடுவார். எங்கள் ஊர் வாத்தியார்கள் வாயைத் திறந்தால் வசவுதான். அதனால் முதல் தடவை அவர் பேசக் கேட்டபோது, இப்படியும் ஒரு மனிதரா என்று நினைத்தேன். தண்டனை கொடுக்கும்போதும் அவர் அப்படியே பேசுவார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "வெயில்ல போய் முட்டி போட்டுக்க கண்ணு" என்பாராம்.

நடந்ததை மகள் விட்டு விட்டுச் சொன்னாள். வகுப்புப் பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளையெல்லாம் வாத்தியார்கள் அறையிலிருந்து தூக்கி வரச் சொல்லியிருக்கிறார். இவள் மோவாய் வரைக்கும் அடுக்கிக்கொண்டு, வழி தெரியாமல் காலால் படியைத் தடவித் தடவி ஏறியிருக்கிறாள். வாசலில் நின்று அவர், "வேகமா வா கண்ணு, மணியடிச்சுப் போடுவாங்க" என்றிருக்கிறார். இவள் நோட்டுக்குப் பின்னாலிருந்து, "பைய வாரேன் சார், விழுந்துரும்" என்றிருக்கிறாள்.

பைய என்றால் எங்கள் பக்கத்தில் மெதுவாக. பையப் பேசு, பைய நட என்று நாள் முழுக்கச் சொல்லுவோம். ஆனால் திருப்பூரில் அந்த நேரத்தில்தான் வடக்கத்திப் பையன்கள் ரயில் ரயிலாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை எல்லோரும் 'பையா' என்று கூப்பிடுவார்கள். அண்ணன் என்று அர்த்தமாம். கூப்பிடுகிற தொனியில் அண்ணன் ஒன்றும் இருக்காது. பின்பெஞ்சில் ஒருவன், "சார், உங்களப் பையாங்கறா சார்! பானிபூரி வாங்க வந்திருக்கறா!" என்று கத்தியிருக்கிறான். வகுப்பே சிரித்திருக்கிறது. சிரிப்பு அடங்கவே இல்லையாம். வாத்தியார் காதில் இவள் சொன்னது விழவில்லை, அந்தப் பையன் சொன்னதுதான் விழுந்தது. முகம் சிவந்துபோய், நோட்டுகளைக்கூட இறக்கி வைக்கவிடாமல் கொடிமரத்துப் பக்கம் கைகாட்டியிருக்கிறார். உச்சி வெயிலில், சல்லிக்கல்லின் மேல், நோட்டுக் கட்டைக் கையில் ஏந்திக்கொண்டு பள்ளிக்கூடம் விடுகிறவரை.

அதோடு முடிந்திருந்தாலும் போகட்டும் என்றிருப்பேன். காலையில் எல்லோரும் வரிசையில் நிற்கும்போது முன்னால் வந்து, "சாரைப் பையான்னு கூப்பிட்டது தப்பு" என்று சொல்ல வேண்டும். அதுவரை கணக்கு வகுப்பில் உட்கார முடியாது, வெளியே முட்டிதான் என்று சொல்லிவிட்டார். இவள் அர்த்தத்தைச் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் எதுத்துப் பேசாத கண்ணு என்று அடக்கியிருக்கிறார். இவள் சொல்லமாட்டேன் என்றாள். சொல்லாததை எப்படிம்மா சொன்னேன்னு சொல்ல, என்று என்னைக் கேட்டாள். தினமும் முட்டி போட்டாள். நான் தினமும் சாயங்காலம் தேங்காய் எண்ணெய் தடவினேன்.

நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மா நல்ல மனசுக்காரி, வாய் மட்டும் சும்மா இருக்காது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, ஒரு வார்த்த சொல்லிப்போட்டுப் போவியா, வாயில இருந்து முத்தா உதுந்துரும்? படிக்கிற புள்ளைக்கு இத்தன வீம்பு ஆகாது சாமி" என்றாள். என் மகள், "நீங்க சொல்லுவீங்களா அக்கா, செய்யாததைச் செஞ்சேன்னு?" என்றாள். வீட்டுக்காரம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து அதத்தான சொல்லிட்டிருக்கறேன்" என்றாள். அந்த நேரத்திலும் மூன்று பேருக்கும் சிரிப்பு வந்தது.

எனக்கு இன்னொன்றும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. பையா என்றே சொல்லியிருந்தால்தான் என்ன? அவர்களும் ஊரில் பிழைக்க வழியில்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள்தானே. அவர்களுக்கு முன்னால் வந்தவர்கள் நாங்கள். எங்களையும் தெக்கத்தி ஆளுக என்று ஒதுக்கி, வீடு கொடுக்க யோசித்தவர்கள் உண்டு. ஒரு மனிதனை அந்தப் பேரால் கூப்பிட்டுவிட்டால் முட்டி போடவைக்கிற அளவுக்கு அது கேவலமா? இதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. எனக்கு வாய் கிடையாது. நாலு பேர் இருக்கிற இடத்தில் என் குரலே எனக்குக் கேட்காது.

அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வெளியே, கொடிமரத்துக்கு அந்தப் பக்கம் மகள் முட்டி போட்டிருந்தது தெரிந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தேன். வாத்தியார் வராந்தாவுக்கு வந்து, "வாங்கம்மா, உக்காருங்க" என்று தானே நாற்காலி இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. அவர் பேச ஆரம்பித்தார். புள்ள நல்ல புள்ளதானுங்க, கணக்கும் நல்லா வருதுங்க, ஆனாலும் வாத்தியாருன்னா ஒரு மருவாதி வேணுமில்லீங்களா, அத்தன புள்ளைங்க முன்னால இப்படிப் பேசுனா நாளைக்கு யாரு மதிப்பாங்க என்று வேகவேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு வியர்த்துக் கொட்டியது. பாதி காதில் ஏறவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, "சார், கொஞ்சம் பையச் சொல்லுங்க சார், எனக்கு வெளங்கலை" என்றேன்.

அவர் பேச்சு நின்றுவிட்டது. "என்னம்மா சொன்னீங்க?" என்றார்.

நானும் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நடுங்கிப்போனேன். "மரியாதைக் குறைவா ஒண்ணும் சொல்லல சார். பையச் சொல்லுங்கன்னுதான் சொன்னேன். எங்க பேச்சு அப்படி."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "எங்க அம்மாயி, எங்கம்மாவோட அம்மா, இப்படித்தானுங்க சொல்லும்" என்றார், என்னைப் பார்க்காமல். "பையத் தின்னு சாமி, பையப் போ சாமின்னு. அது போனதுக்கப்புறம் இந்தச் சொல்ல யாரும் சொல்லி நான் கேக்கலீங்க." பிறகு கொடிமரத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அட சாமி" என்றார்.

அவரே வெயிலில் இறங்கிப் போனார். "எந்திரிச்சு உள்ள போ கண்ணு. மன்னிப்பெல்லாம் ஒண்ணும் வேண்டாம்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. மகள் எழுந்து, கால் மரத்துப்போய்க் கொஞ்சம் தள்ளாடி, என்னைப் பார்த்தாள். பாரம் இறங்கியது என்று நினைத்துக்கொண்டு நான் கம்பெனிக்கு ஓடினேன்.

வகுப்புக்கு மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாக்காரி வந்து காலில் விழுந்தாள், அதனால் விட்டுவிட்டார் என்று பிள்ளைகள் முடிவுகட்டிக்கொண்டார்கள். பேர் ஒட்டிக்கொண்டது. "ஏய் பையா, ஒரு பிளேட் எவ்வளவு?" "பையா, டிரெயின் எப்ப?" என்று நடக்கிற வழியெல்லாம் கேட்டார்களாம். பலகையில் எழுதிப்போட்டார்களாம். இவள் வாத்தியாரிடமே போய், "நான் சொன்னது என்னன்னு ஒரு தடவை கிளாஸ்ல சொல்லிருங்க சார், போதும்" என்று கேட்டிருக்கிறாள். "அதெல்லாம் அதுவா மறந்துபோயிரும் கண்ணு, நீ படிப்பப் பாரு" என்றிருக்கிறார். மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

ஒரு சாயங்காலம் வாத்தியார் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். வரிசை வீடுகளில் ஒரு வீடு எங்களுடையது, ஒரே அறை. உட்காரச் சொன்னதற்குப் பரவாயில்லீங்க என்று கதவோரமே நின்றார். மகளைப் பார்த்து, "தப்பு என்ரதுதான் கண்ணு. நான் காது குடுத்துக் கேட்டிருக்கோணும். நாளைக்கு வந்துரு" என்றார். ஒரு வாத்தியார் ஒரு பிள்ளையிடம் இப்படிச் சொல்லி நான் என் ஆயுளில் கேட்டதில்லை. என் கண் நிறைந்துவிட்டது. மகள் கேட்டாள், "இதையே கிளாஸ்ல சொல்லுவீங்களா சார்?"

பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தம் போட்டு அடங்கியது. "பசங்க முன்னால தப்புன்னு ஒருக்காச் சொல்லிப்போட்டா, அப்புறம் அந்த கிளாஸக் கட்டி மேய்க்க முடியாது கண்ணு. உனக்கு இப்பப் புரியாது" என்றார்.

"அப்ப நான் வரலை சார்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் ஒரு பொருள் இல்லை என்று சொன்னால் சரி என்று திரும்பி நடப்போமே, அப்படிச் சொன்னாள். அவர் நான் கொடுத்த தண்ணீரைக் குடித்து, டம்ளரை ஓசைப்படாமல் கீழே வைத்து, "வர்றனுங்கம்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் அழுதேன், கெஞ்சினேன், ஒருநாள் அடிக்கவும் கை ஓங்கினேன். "ஏட்டி, ஒரு வார்த்தைக்காகவா படிப்பை விடுத?" என்றேன். "எம்மா, அந்த ஒரு வார்த்தைதானே அவரால சொல்ல முடியல" என்றாள். கொஞ்ச காலம் வீட்டில் இருந்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கத்தரிக்கோலைப் பிடித்தாள்.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திட்டித் தீர்த்து மறந்திருப்பேன். ஊர் பார்க்க அவமானப்படுத்திவிட்டு, ஆள் இல்லாத இடத்தில் வந்து அந்த மனிதர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அவரால் அவ்வளவுதான் முடிந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அவரிடம் படித்தவர்கள் அவரைக் கண்டால் வண்டியை நிறுத்திக் கும்பிடுகிறார்கள். பஸ் ஸ்டாப்பில் எப்போதாவது பார்க்கிறேன். "புள்ள எப்படிங்கம்மா இருக்குது?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். நல்லா இருக்கா சார் என்பேன். பிறகு பஸ் வரும்வரை இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

நல்லாத்தான் இருக்கிறாள். இப்போது ஒரு தையல் வரிசைக்கே சூப்பர்வைசர். அதே கம்பெனியில் நானும் இன்னும் பிசிறு வெட்டுகிறேன். கருப்புத் துணியில் கருப்பு நூல் எனக்குத் தெரிவதில்லை; வெள்ளை மட்டும் கொடுப்பார்கள். அவள் வரிசையில் பாதிப்பேர் வடக்கத்திப் பையன்கள். அவர்களை அவளும் பையா என்றுதான் கூப்பிடுகிறாள். அவர்கள் அவளைத் தீதி என்கிறார்கள்; அக்கா என்று அர்த்தம்.

போன மாதம் ஒரு பையன் கழுத்துப் பட்டியை மாற்றி வைத்துத் தைத்துவிட்டான் என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி அவனைத் திட்டினாள். அவன் தலை குனிந்து தையலைப் பிரிக்க ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, மாதிரித் துண்டை அவனுக்கு மாற்றிக் கொடுத்ததே இவள்தான். வேகமாகப் போய் வரிசையின் மெயின் சுவிட்சை அணைத்தாள். இத்தனை மிஷினும் ஒரே சமயத்தில் நின்றால் காது அடைத்துக்கொள்ளும். எல்லோரும் நிமிர்ந்தார்கள். தனக்குத் தெரிந்த இந்தியில், "கல்த்தி மேரா, பையா. துமாரா நஹி" என்றாள். பிறகு தமிழில், "தப்பு என்னுது. இவரு மேல இல்ல" என்று கடைசி மிஷின் வரைக்கும் கேட்கச் சொன்னாள். அந்தப் பையன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கையிலிருந்த துணியைப் பார்த்தான்.

புரொடக்ஷன் மேனேஜர் ஓடி வந்தார். "ஏனுங்க மேடம், இதச் சொல்றதுக்கு லைன நிறுத்தோணுங்களா? டீ டைம்ல கூப்புட்டுச் சொன்னா ஆகாதுங்களா?"

"திட்டுனது டீ டைம்ல இல்லீங்களே சார்" என்றாள் என் மகள்.

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். அசதியாகத்தான் இருந்தது. அவள் கணக்குப் படித்திருக்கலாம். அவள் சுவிட்சைப் போட்டாள், மிஷின்கள் மறுபடி இரையத் தொடங்கின. மடியில் கிடந்த வெள்ளைத் துணியைத் திருப்பிப் போட்டு, நீட்டிக்கொண்டிருந்த நூலைத் தேடினேன். கண் கலங்கியிருந்ததால் சட்டென்று அகப்படவில்லை.